விதை எடுக்கிற பருவம்

"விதைப் பூண்டு வேணுமா, மகாதேவி வீட்டுக்குப் போ" என்பார்கள் எங்கள் பூம்பாறையில். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையடித்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அது போன மார்கழியோடு முடிந்துவிட்டது. இப்போது யாராவது என் காதுபட அப்படிச் சொன்னால், செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

எங்கள் வீட்டில் உழவு, மருந்தடிப்பு, மூட்டையை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றுவது எல்லாம் ஆண்கள் பாடு. விதை மட்டும் பெண்கள் பொறுப்பு. எந்த வயலில் எப்போது பிடுங்குவது, எந்தத் தலை விதைக்கு, எது விலைக்கு என்று நான் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேரை வாயடைக்கிற ஆள். விதை விஷயத்தில் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நிற்பார்.

விதைக்கு வேண்டியது பொறுமைதான், வேறு வித்தை ஒன்றும் இல்லை. பூண்டுத் தாள் மஞ்சளாகி, பாதி காய்ந்து, தானாகச் சாய வேண்டும். நாலு நாள் முன்னால் கை வைத்தால் போச்சு. பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பரணில் கட்டித் தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டினால் இரண்டே மாதத்தில் பல் சுருங்கி உள்ளே பஞ்சாகிவிடும். அவசரப்பட்டுப் பிடுங்கியவர்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்திருக்கிறேன். அந்த வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த மார்கழிக்கு முந்தின வருஷம் புரட்டாசியில் அவருக்கு நோய் என்று தெரிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே முதுகு வலி. மூட்டை தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வெளுத்துப்போய், மாடிப்படி போல இருக்கும் எங்கள் வயலில் நாலு படி ஏறுவதற்குள் உட்கார ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானவேல் பார்த்தார். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் வருகிற புற்றுநோயாம். என் வீட்டுக்காரருக்கு வயது அப்போது ஐம்பத்துமூன்று.

டாக்டர் நல்ல மனுஷர். அவசரமில்லாமல் உட்கார வைத்துச் சொன்னார்.

"நாலு மாசம் வாராவாரம் ஊசி, தினம் மாத்திரை. அதுல நோய் அடங்கிரும். அடங்கினதும் உங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல் எடுத்து, உறைய வச்சுப் பத்திரப்படுத்திக்குவோம். அப்புறம் பெரிய மருந்து ஒண்ணு ஏத்துவோம். அது எலும்புக்குள்ள நல்லது கெட்டது பாக்காம எல்லாத்தையும் அழிச்சிரும். எடுத்து வச்சதைத் திரும்ப ஏத்தினா, அது உள்ள போய் உக்காந்து புது ரத்தம் உண்டாக்கும்."

இவர் முகம் தெளிந்தது. "அட, விதையை எடுத்து வச்சுக்கிட்டுக் காட்டைக் கொளுத்துற மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கென்ன கவலை? எங்க ஊர்ல விதை எடுக்குறதுன்னா இவதான்" என்று என்னைக் காட்டினார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வியாதியைப் பற்றிப் பேசுகிற அந்த அறையில் மூன்று பேரும் அப்படிச் சிரித்திருக்க வேண்டாம்.

வெளியே நர்ஸ் தமிழ்மதி ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குத் தேதி சொல்லிக் கூப்பிடுகிற வேலை அந்தப் பெண்ணுடையது. போன் நம்பர் கேட்டது.

"என் போனை நான் காட்டுல எங்கயாச்சும் வச்சிட்டு வந்துருவேன் சிஸ்டர். அவ நம்பரையே போடுங்க" என்றார் இவர்.

என் நம்பரைச் சொன்னேன். அடுத்ததாக, வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு வேலை பார்க்கும் எங்கள் மகள் புவனாவின் நம்பர். இவருடைய நம்பர் அந்தத் தாளில் ஏறவே இல்லை.

கிளம்பும்போது வழி தப்பி வேறொரு நடைவழியில் நுழைந்துவிட்டோம். அங்கே ஒரு கண்ணாடி அறை. உள்ளே தலையில் ஒரு மயிர் இல்லாமல் ஒரு ஆள் படுத்திருந்தார். வெளியே நாற்காலியில் அவர் மனைவி. அந்த ஆள் கையை ஆட்ட முயன்றார். கை பாதி எழும்பித் திரும்பப் படுக்கையில் விழுந்தது. பெரிய மருந்து ஏற்றினவர் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். இவர் அதைக் கவனிக்கவில்லை, வழியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். மலை ஏறி வீடு வந்து சேருகிற வரை அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாலு மாதமும் நான் குறை வைக்கவில்லை. வாரம் ஒருநாள் வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வருவோம். மாத்திரை இருபத்தொரு நாள், ஏழு நாள் ஓய்வு, மறுபடி இருபத்தொரு நாள். சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் அவர் உள்ளங்கையை நீட்டுவார், நான் வைப்பேன். காலண்டரில் கோடு போட்டு வைப்பேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஊரில் எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

மாத்திரை வேலை செய்தது. தை பிறந்தபோது அவர் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நாலு படி என்ன, ஒரே மூச்சில் மேல் வயல் வரை ஏறினார். பழைய குரலில் என்னைத் திட்டவும் ஆரம்பித்தார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தத் தையில்தான் தமிழ்மதியின் முதல் போன் வந்தது. "அம்மா, நாலு மாசம் முடிஞ்சிருச்சு. ஐயாவைக் கூட்டிட்டு வாங்க, பத்து நாள் தங்குற மாதிரி. ஸ்டெம் செல் எடுத்துரலாம்."

"சிஸ்டர், கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. அவரும் கட்டியிருக்காரு. ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. முடிஞ்சதும் வாறோம்" என்றேன்.

இது நிஜம். காப்புக் கட்டினவர்கள் தேர் நிலைக்கு வருகிற வரை வெளியூரில் தங்க மாட்டார்கள். ஆனால் திருவிழா பத்தே நாளில் முடிந்துவிட்டது. காப்பை அவிழ்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் இரண்டாவது போன். அப்போது பூண்டு பிடுங்கு நடந்துகொண்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லை, ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். ஆள் கிடைக்காதது உண்மைதான். ஆனால் பூண்டைப் பிடுங்க மகளும் அவள் சித்தப்பாவும் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பூண்டுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து இவர் கேட்டார்.

"ஏ புள்ள, விதை எடுக்கக் கூப்பிடுறேன்னாங்களே. கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடுவாங்க. இப்ப என்ன அவசரம்? உடம்பு இன்னும் முத்தலை. நல்லாத் தேறி நிக்கட்டும். பிஞ்சுல எடுத்தா எதுக்கு ஆகும்?"

"நான் என்ன பூண்டா முத்துறதுக்கு?" என்று சிரித்தார். அப்புறம், "சரி, விதை உன் சோலி. நீ சொன்னாச் சரிதான்" என்று தாளை அறுக்கப் போய்விட்டார்.

நான் சொன்னதை நானே நம்பினேன். அதுதான் கொடுமை. ஆள் தேறத் தேற ரத்தமும் தேறும், ரத்தம் தேறினால் விதையும் திரளும், அப்போது போனால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று மனசார நினைத்தேன். முப்பது வருஷம் பூண்டு சொல்லிக்கொடுத்த பாடம் எப்படிப் பொய்யாகும்? ஆனால் அந்த நினைப்புக்கு அடியில் அந்தக் கண்ணாடி அறையும் இருந்தது. விதை எடுத்தால் அடுத்தது காட்டைக் கொளுத்த வேண்டும். அவரைக் கொளுத்தக் கொடுக்க எனக்கு மனசில்லை. பயம் என்று சொன்னால் வெட்கம். பக்குவம் என்று சொன்னால் மரியாதை. அதனால் பக்குவம் என்றே சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் மூன்றாவது போன். இந்த முறை தமிழ்மதியின் குரலில் கொஞ்சம் கடுமை இருந்தது.

"அம்மா, அந்த மாத்திரை ரொம்ப மாசம் ஓடக் கூடாது. ஓடினா ஸ்டெம் செல் ரத்தத்துக்கு இறங்கி வர்றது குறைஞ்சிரும். வெரசா வாங்கம்மா."

"சளி பிடிச்சுக் கெடக்காரு சிஸ்டர். காய்ச்சல் வேற" என்றேன். சொல்லும்போது அவர் வாசலில் யாரிடமோ சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். போனைச் சேலையால் மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் பயம் காட்டுவார்கள் என்று ஒதுக்கிவிட்டேன். ஆளை நிமிர்த்தி நடக்க வைத்த மாத்திரை ஆளுக்கே கெடுதல் செய்யும் என்றால் யார் நம்புவார்கள்? பழைய சீட்டையே மலைக்குக் கீழே ஒரு மருந்துக்கடையில் காட்டி மாசா மாசம் நானே மாத்திரை வாங்கிவந்தேன். சாயங்காலம் சாயங்காலம் அவர் கையை நீட்டினார். சாயங்காலம் சாயங்காலம் நான் வைத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் புவனா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வந்துச்சு. மூணு தடவை உனக்குக் கூப்பிட்டாங்களாமே. என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"அப்பா உடம்பு தேறட்டும்னுதான்..."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் அவள் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குக் கிளம்புறோம். அப்பாகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் சொல்லவில்லை. இப்போதுதான் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். நான்காவது பொய் அது. அது எனக்கு மற்ற மூன்றையும்விடச் சுலபமாக வந்தது.

போன உடனே டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மாத்திரை வாசம் உடம்பை விட்டு இறங்கட்டும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். மார்கழியில் போனோம். நாலு நாள் காலையில் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி போட்டார்கள். எலும்புக்குள்ளே பதுங்கிக் கிடக்கிற ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குத் துரத்திவிடுகிற ஊசியாம். போட்டால் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் வலிக்கும், வலித்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள், பயப்படாதீர்கள் என்றது தமிழ்மதி. அந்தப் பெண் பழசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாளே வலி தொடங்கிவிட்டது.

"எலும்புக்குள்ள எவனோ மம்முட்டி போடுறான் புள்ள."

"நல்லா வலிக்குதா?"

"வலிக்குதுன்னா வலிக்குது. அதுல நல்லா என்ன?"

"இன்னும் கொஞ்சம் கூடுதலா வலிக்குதான்னு பாருங்க."

"ஏ புவனா, உங்கம்மாவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவர் முனகுகிற ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குள் சாமிக்கு நன்றி சொன்னேன். கட்டின புருஷன் வலியில் துடிக்கத் துடிக்கச் சந்தோஷப்பட்டேன். வேறு என்ன செய்வது? எப்படியாவது அது திரண்டு வந்துவிட்டால் நான் செய்ததெல்லாம் இல்லை என்று ஆகிவிடும் என்று இருந்தேன்.

ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டெம் செல் கணக்கு பத்துக்கு மேல் இருந்தால் மெஷினில் போடலாமாம். இவருக்கு நாலு. சாயங்காலம் இன்னொரு ஊசி போட்டார்கள், ரொம்ப வீரியமானது என்றார்கள். மறுநாள் ஒன்பது ஆனது. சரி பார்க்கலாம் என்று கழுத்தில் குழாய் சொருகி மெஷினில் போட்டார்கள்.

அந்த மெஷின் ஒரு பக்கம் ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, வேண்டியதை மட்டும் ஒரு பையில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அவருக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விதைக்கும் விலைக்கும் பிரித்துப் பிரித்துப் பழகின கண். அந்தப் பையில் இருந்த எதுவும் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மறுநாளும் ஐந்து மணி நேரம். அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் இருபது லட்சம் ஸ்டெம் செல்லாவது வேண்டும். இரண்டு நாளும் சேர்த்துத் தேறியது ஏழு லட்சம்.

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா இத்தனை மாசம் வரலை? தமிழ்மதி இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே."

காப்பு, பூண்டு, சளி என்று மூன்றையும் மறுபடி எடுத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. இருந்ததைச் சொன்னேன். "நாங்க விதை எடுக்குறது தாள் காஞ்சு சாஞ்ச பிறகுதான் டாக்டர். பிஞ்சுல எடுத்தா ஒண்ணத்துக்கும் ஆகாது. இவருக்கும் உடம்பு நல்லாத் தேறி முத்தட்டும்னு இருந்துட்டேன்." கண்ணாடி அறையையும் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

"அன்னைக்கு அவர் விதைன்னு சொன்னப்ப நான் அதேதான்னு சொல்லிட்டேன். உங்க ஊர்ல விதையை எப்ப எடுப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இதை நாள் கடத்தக் கூடாதும்மா. நோய் அடங்கினதும் எடுத்துரணும். தள்ளத் தள்ள இது முத்தாது, வத்திப் போகும்."

"அப்பவே வந்திருந்தா கெடைச்சிருக்குமா?"

"நிச்சயம்னு நான் சொல்ல முடியாது. சிலருக்கு அப்பவும் கெடைக்காது. ஆனா பெரும்பாலானவங்களுக்குக் கெடைச்சிருக்கும்."

'நிச்சயம் இல்லை' என்பதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடையலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பெரும்பாலானவங்களுக்கு என்று சொன்னதுதான் நின்றது.

இன்னும் மூன்று மாதம் விட்டு, பங்குனியில் இன்னொரு முறை முயன்றார்கள். அதே ஊசி, அதே வலி, அதே மெஷின். ஐந்து லட்சம். முன்னதும் பின்னதும் சேர்த்துப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு அங்கே உறைபெட்டியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பெரிய மருந்து ஏற்ற முடியாது, ஏற்றினால் ரத்தம் திரும்பி ஊறாமல் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி மாத்திரைதான், கூட ஒரு புது ஊசி. அடங்குகிற வரை அடங்கும். திரும்பினால் வேறு மருந்து பார்க்கலாம். பெரிய மருந்து ஏற்ற முடிந்திருந்தால் நோய் திரும்புவது இன்னும் சில வருஷம் தள்ளிப்போயிருக்கும். அதை டாக்டர் இவர் முன்னாலேயே சொன்னார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவர் மெதுவாகப் பேசினார்.

"தப்பு என் மேலதான் புள்ள. எளவட்டத்துல நான் குடிச்ச குடிக்கு எலும்புக்குள்ள என்ன மிஞ்சியிருக்கும்? உனக்குத்தான் பாவம், மாத்திரையும் கையுமா அலைஞ்சே. கடைசில என்கிட்ட விதை இல்லாமப் போச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வளைவு வளைவாக ஏறியது. பண்ணைக்காட்டுப் பிரிவில் ஏறின ஒரு தெரிந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். "நம்ம ரத்தத்துல சரக்கு இல்லையாம்ப்பா" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த நாள் ஊரில் விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். என் தம்பியிடம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குனிந்துகொண்டு, ஏதோ திருடி அகப்பட்டவர் மாதிரி. ஊரில் தலை நிமிர்ந்து நியாயம் பேசின மனுஷர் அவர். ஐந்தாவது ஆளிடம் அதைச் சொன்னபோது என்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் வாசலில் பூண்டு குவிந்து கிடந்தது. நான் விதைக்குப் பொறுக்க உட்கார்ந்தேன். அவரும் எதிரே உட்கார்ந்து தாளை முடிந்துகொண்டிருந்தார். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"உங்க மேல தப்பு இல்ல. குடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நாலாம் மாசமே கூப்பிட்டாங்க. நான்தான் சொல்லலை."

அவர் கை நின்றது.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"மூணு."

"நான் கேட்டேனே உன்கிட்ட. இதே எடத்துல உக்காந்து கேட்டேன்."

"ஆமா."

"போன உடனே டாக்டர் மாத்திரையை நிறுத்தினாரே, அப்ப அதுதான் கெடுத்துச்சா? அது உனக்குத் தெரியுமா?"

"மூணாவது தடவை சிஸ்டர் சொல்லுச்சு. நான் நம்பலை."

அதற்கப்புறம் எல்லாம் சொன்னேன். கண்ணாடி அறை, எழும்ப முடியாத அந்தக் கை, பக்குவம் பார்த்தது, பயந்தது. அழுதேனா என்று நினைவில்லை. அவர் என்னை அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு இல்லை என்று அடுத்த தெருவுக்குக் கேட்கக் கத்தினவர்தான். இப்போது குரல் எழும்பவே இல்லை.

"சொல்லியிருந்தா நானே பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியலை" என்றார். "ஆனா அது என் பயமா இருந்திருக்கும்ல மகா."

எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். நான் குவியலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையில் எடுக்கிற ஒவ்வொரு பூண்டும் விதைக்கா விலைக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கூடையும் காலியாகவே இருந்தன.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். கை கால் கழுவினார். உள்ளே வந்து என் போனைக் கேட்டார். கொடுத்தேன். தமிழ்மதியின் நம்பரைத் தேடி அவரே போட்டார்.  அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ என்று அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிஸ்டர், நான் பூம்பாறை செல்லப்பாண்டி பேசுறேன். ஆமா, நல்லா இருக்கேன். ஒண்ணுமில்ல, அந்தத் தாள்ல எங்க வீட்டு நம்பரு இருக்குல்ல, அதை மாத்தணும். இனிமே எதுன்னாலும் எனக்கே கூப்பிடுங்க. என் நம்பரைச் சொல்றேன், எழுதிக்கங்க."

சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவருக்கு அவருடைய நம்பர் தெரியாது. என்றைக்கும் தெரிந்ததில்லை. யார் கேட்டாலும் நான்தான் சொல்வேன். மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லு" என்றார்.

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் வாங்கி அவர் போனில் திருப்பிச் சொன்னார். கடைசி இரண்டு எண் இருக்கும்போது நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் காத்திருந்தது. சொல்லி முடித்தேன்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் நான் அலமாரிப் பக்கம் போனேன். அவர் எனக்கு முன்னால் எழுந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் படித்தார். ஒன்றைப் பிதுக்கித் தன் உள்ளங்கையில் தானே வைத்துக்கொண்டார்.

"தண்ணி மட்டும் கொண்டா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.